தில்லிக்குப் பணி மாற்றம்: இளைப்புள்ள பிள்ளையோடு போகலாமா?

தேக்காவாசி | 6 ஏப்ரல் 2025

அனைவருக்கும் வணக்கம். என் கணவருடைய நிறுவனம் அவரை மூன்று ஆண்டுகளுக்குத் தில்லியை ஒட்டியுள்ள குருகிராம் (குர்கான்) கிளைக்கு அனுப்ப விரும்புகிறது. நாங்கள் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவர்கள். தில்லியை இரண்டு நாள் சுற்றுலாவில் பார்த்ததோடு சரி. மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு மூன்று. மகனுக்கு நான்கு வயதிலிருந்து இளைப்பு (ஆஸ்துமா) இருக்கிறது. காலையும் இரவும் தடுப்பு இன்ஹேலர் எடுக்கிறான். கடந்த ஓராண்டில் ஒரே ஒரு முறைதான் மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருந்தது.

2019 செப்டம்பரில் இங்கே புகைமூட்டம் வந்து காற்று மாசுக் குறியீடான பிஎஸ்ஐ நூறைத் தாண்டியபோது அவனுக்கு இரண்டு வயது. அந்த வாரம் இரண்டு இரவுகள் அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தபடியே விடியவிட்டேன். நூறுக்கே அப்படி நடுங்கியவள், நானூறு, ஐந்நூறு என்று செய்தியில் சொல்லும் ஊருக்கு அவனை அழைத்துப் போகலாமா? கோடிக்கணக்கானோர் அங்கே பிள்ளை பெற்று வளர்க்கவில்லையா என்று கணவர் கேட்கிறார். வீட்டுக்கு நான்கு ஏர் பியூரிஃபையர்கள் வாங்கித் தருவதாக நிறுவனம் சொல்கிறது. ஜூன் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். அங்கே குடும்பத்தோடு இருந்தவர்களும் இருப்பவர்களும் உள்ளதை உள்ளபடி சொன்னால் நன்றி. பயமுறுத்தவும் வேண்டாம், ஆறுதலும் வேண்டாம்.

மயூர்விகார் மாமா | 6 ஏப்ரல் 2025

அம்மா, நான் 1988 முதல் தில்லியில் இருக்கிறேன். வந்த புதிதில் கரோல்பாகில் வாடகை அறை, ஐ.டி.ஓ. சந்திப்பில் பேருந்துக்கு நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கருப்பாக இருக்கும். உச்ச நீதிமன்றம் 1998-ல் போட்ட உத்தரவின்படி 2002 முடிவதற்குள் எல்லாப் பேருந்துகளும் டீசலை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறின. அதன்பின் நான்கைந்து ஆண்டுகள் கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. பிறகு கார்களும் கட்டடங்களும் பெருகி, மிச்சப்படுத்தியதையெல்லாம் தின்றுவிட்டன.

உங்களுக்கு முதலில் தெரிய வேண்டியது, தில்லியில் ஓராண்டுக்குள் பல ஊர்கள் இருக்கின்றன என்பதுதான். ஜூலை முதல் செப்டம்பர் வரை மழை கழுவிவிடும். வானம் நீலமாக இருக்கும். அக்டோபர் பாதியில் காற்று ஓய்ந்துவிடும். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் அறுத்த தாளைக் கொளுத்துவார்கள். தீபாவளியும் அந்த நாட்களிலேயே வரும். எல்லாப் பழியையும் விவசாயி தலையில் கட்டுவது இங்கே வழக்கமாகிவிட்டது. ஆனால் தாள் எரிப்பு நவம்பர் கடைசியில் முடிந்துவிடுகிறது; டிசம்பரிலும் ஜனவரியிலும் காற்று அப்படியேதான் கெட்டுக் கிடக்கிறது. வாகனப் புகை, சாலைப் புழுதி, செங்கற்சூளை, சுற்றியுள்ள அனல்மின் நிலையங்கள், குளிர்காய எரிக்கும் விறகும் குப்பையும் என எல்லாம் கலந்த காற்று அது. குளிர்காலத்தில் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்றும் நின்றுவிடுவதால், பானைக்கு மூடி போட்டதுபோல் புகை மேலே ஏற வழியில்லை. மே மாதத்தில் ராஜஸ்தான் பக்கமிருந்து புழுதிப்புயல் வரும். அது பருமனான தூசி, வேறு வகைத் தொல்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் கணவரை நிறுவனம் ஜூலையில் வீடு பார்க்க அழைத்துவரும். அன்றைக்கு அவர் பார்க்கப்போகும் தில்லியில் உங்கள் மகன் ஆண்டுக்கு மூன்று மாதம்தான் வாழப்போகிறான்.

2017 டிசம்பரில் இங்கே கோட்லா கிரிக்கெட் மைதானத்தில் இலங்கை வீரர்கள் முகக்கவசத்தோடு பந்து பொறுக்கியதையும், மூச்சுத் திணறி இரண்டு பந்துவீச்சாளர்கள் வெளியேறியதையும், ஆட்டம் நின்று நின்று நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். நாடகம் என்று அன்றைக்கு இங்கே பலர் சிரித்தார்கள். நானும் சிரித்தவன்தான். என் மனைவி ஒரு பீடியைக்கூடத் தொட்டவள் அல்ல; இப்போது ஐந்து ஆண்டுகளாக நவம்பர் வந்தால் இன்ஹேலர் இல்லாமல் மலை மந்திர் முருகன் கோயில் படி ஏற முடிவதில்லை.

குர்கான் போதும் | 7 ஏப்ரல் 2025

சுருக்கமாகச் சொல்கிறேன், போகாதீர்கள். நாங்கள் துபாயிலிருந்து போய் இரண்டு குளிர்காலங்கள் இருந்துவிட்டுத் திரும்பினோம். இளைப்பே இல்லாத என் மகள் அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை இருமினாள். ஊரைவிட்டு வந்த ஆறு வாரத்தில் இருமல் நின்றது. வகுப்பறைகள் அனைத்திலும் வடிகட்டிகள் உள்ளன என்று பள்ளி நிர்வாகம் எழுத்திலேயே தந்திருந்தது. பெற்றோர் கூட்டத்தன்று கைப்பையில் நுண்துகள் அளவுக் கருவியை வைத்துக்கொண்டு போனேன். வகுப்பறையில் 60, கதவைத் திறந்து தாழ்வாரத்துக்கு வந்தால் 170. பிள்ளைகள் சாப்பிடுவதும் பேருந்துக்குக் காத்திருப்பதும் அந்தத் தாழ்வாரத்தில்தான்.

பெய்ஜிங் பழையவன் | 7 ஏப்ரல் 2025

சகோதரி, நான் 2011 முதல் 2016 வரை பெய்ஜிங்கில் மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் இருந்தவன். நீங்கள் இப்போது கேட்பதை 2013 ஜனவரியில் அங்கிருந்த ஒவ்வொரு வெளிநாட்டுக் குடும்பமும் சாப்பாட்டு மேசையில் கேட்டுக்கொண்டிருந்தது. அமெரிக்கத் தூதரகம் 2008 முதல் தன் கூரையில் ஒரு கருவியை வைத்து மணிக்கு மணி அளவை வெளியிட்டதால்தான் எங்களுக்கு உண்மை தெரிந்தது. அதே ஏற்பாடு தில்லித் தூதரகத்திலும் இருந்தது. உலகெங்குமுள்ள தன் தூதரகங்களின் தரவு வெளியீட்டை அமெரிக்கா கடந்த மாதம் நிறுத்திவிட்டது. தில்லியில் அரசுடைய கண்காணிப்பு நிலையங்களே நாற்பது அளவில் இருப்பதால் பெரிய இழப்பு இல்லை. மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் குறியீட்டைத் தூக்கிப்போடுங்கள். நூறு, நானூறு என்று நீங்கள் சொல்லும் எண்கள் நாட்டுக்கு நாடு வேறு. பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள் ஒரு கனமீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் இருந்தால் இந்தியக் குறியீடு 100 என்று காட்டி, திருப்தி என்று பெயரும் கொடுக்கும். அதே காற்றை அமெரிக்கக் குறியீடு 150-க்கு மேல் காட்டி, உடல்நலத்துக்குக் கேடு என்று சொல்லும். இந்தியக் குறியீடு 500-க்கு மேல் எண்ணுவதே இல்லை. அதனால்தான் 2024 நவம்பர் 18 அன்று அரசு 494 என்று சொன்னபோது தனியார் செயலிகள் ஆயிரத்துக்கு மேல் காட்டின. ஆகவே மைக்ரோகிராமை மட்டும் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வகுத்த வரம்பு ஆண்டுச் சராசரி 5. இந்தியத் தரநிலை 40. தில்லியின் உண்மையான ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 100. 2013-ல் பெய்ஜிங்கின் சராசரி 89.5. அதாவது நாங்கள் அலறிய பெய்ஜிங்கைவிட இன்றைய தில்லி மோசம். பெய்ஜிங் 2021-ல் 33-க்கு இறங்கிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிலக்கரிக் கொதிகலன்களை மூடினார்கள், ஆலைகளை ஊருக்கு வெளியே தள்ளினார்கள், பக்கத்து மாநிலத்தையும் சேர்த்துப் பிடித்தார்கள். உங்களுடைய மூன்று ஆண்டுகளுக்குள் தில்லியில் அது நடக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள்.

அடுத்து, உங்கள் மகன் ஊரின் சராசரியைச் சுவாசிக்கப்போவதில்லை. அவன் இருக்கும் அறையின் காற்றைத்தான் சுவாசிப்பான். வெளியே 200 மைக்ரோகிராம் உள்ள ஒரு டிசம்பர் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாக அடைக்கப்பட்ட படுக்கையறையில் 15 என்ற அளவில் பத்து மணி நேரம், வீட்டின் பிற பகுதியில் 50-ல் ஐந்து மணி, ஒழுங்கான பள்ளியில் 50-ல் ஏழு மணி, வெளியிலும் வண்டியிலுமாக 200-ல் இரண்டு மணி. கூட்டி 24-ஆல் வகுத்தால் 48 வருகிறது. எதுவும் செய்யாத வீட்டில் அது 160-க்குக் குறையாது. 48 என்பது சிங்கப்பூரின் சாதாரண நாளைப்போல மூன்று மடங்குக்கு மேல்தான். ஆனால் வெளிக்காற்றின் 200-ல் கால்வாசி. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த 48-ல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறும் இரண்டு மணி நேரத்திலிருந்து வருகிறது. ஆகவே வீட்டிலிருந்து பள்ளிக்குப் பத்து நிமிடமா ஒரு மணி நேரமா என்பது, எந்தக் கம்பெனி பியூரிஃபையர் என்பதைவிடப் பெரிய கேள்வி.

நான்கு கருவிகள் என்கிறார்களே, அவை எவ்வளவு காற்றைத் தள்ளும் என்று கேளுங்கள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஏறத்தாழ 40 கனமீட்டர் காற்று இருக்கிறது. அதை மணிக்கு ஐந்து முறை வடிகட்ட 200 கனமீட்டர் திறன் வேண்டும். அதுவும் இரவில் சத்தமில்லாத வேகத்தில் கிடைக்க வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருப்பது உச்ச வேகத்துக்குரிய எண். நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதை மட்டும் வாங்குங்கள். அயனி, ஓசோன் என்று விளம்பரம் செய்வதைத் தொடாதீர்கள். இந்திய வீடுகளில் கதவுக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழையும், கொசுவலைச் சட்டம் ஜன்னலோடு ஒட்டாது. கருவி வாங்குவதற்கு முன் அந்த இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டுங்கள். முழுக்க அடைத்துவிட்டு நான்கு பேர் தூங்கினால் கரியமில வாயு ஏறிக் காலையில் தலை கனக்கும் என்பதால், வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே தள்ளும் சிறு விசிறி ஒன்றும் வேண்டும். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது.

நொய்டா அகிலா | 8 ஏப்ரல் 2025

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் வீட்டில் கருவி வாங்கிய முதல் வெள்ளிக்கிழமை. ஜன்னல்கள் சாத்தி, மாலை ஆறு மணிக்குக் கூடத்தில் 38 என்று பச்சையாகக் காட்டிக்கொண்டிருந்தது. மாமியார் விளக்கேற்றி, தணலில் சாம்பிராணி போட்டு, வழக்கம்போல் எல்லா அறைக்கும் காட்டிவிட்டு வந்தார். கருவியின் எண் 90, 170, 300 என்று ஏறி, 412-ல் போய் நின்றது. அன்றைக்கு வெளியே 140தான். வெளியே கிடந்த புகைக்குப் பயந்து கதவைச் சாத்திவிட்டு, அதைப்போல மூன்று மடங்கை நாங்களே உள்ளே மூட்டிவைத்திருந்தோம். மிளகாய் வற்றல் தாளித்தாலும், கொசுவத்தி கொளுத்தினாலும் இதே கதைதான். மாமியாருக்கு வருத்தம்தான், இப்போது சாம்பிராணி பால்கனியில் காட்டப்படுகிறது, வீட்டுக்குள் எண்ணெய் விளக்கு மட்டும். இளைப்புள்ள பிள்ளை இருந்தால், தில்லிக்கு வந்தாலும் வராவிட்டாலும், இதை இன்றைக்கே நிறுத்தலாம்.

மலிவான லேசர் கருவிகள் மூடுபனியையும் தூசியாக எண்ணிக் கூட்டிக் காட்டும் என்பதை நினைவில் வையுங்கள். ஜனவரி விடியலில் அது சொல்வதை அப்படியே நம்பி அழ வேண்டாம்.

நெஞ்சக மருத்துவர் | 9 ஏப்ரல் 2025

நான் மதுரையில் நெஞ்சக நோய் மருத்துவராக இருக்கிறேன். பிள்ளையை நேரில் பாராமல் வைத்தியம் சொல்ல முடியாது. பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெற்றோர்கள் இரண்டு வகை ஆபத்துகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, இன்று இரவு இளைப்பு வருமா என்பது. இது மருந்தாலும் எச்சரிக்கையாலும் பெருமளவு கட்டுப்படும். தடுப்பு மருந்தை ஒருநாள்கூட விடாமல், இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் குழல் வழியாகச் சரியாக உறிஞ்சுகிறானா, பள்ளிச் செவிலியரிடம் எழுத்து வடிவில் அவசரத் திட்டம் இருக்கிறதா, ஃப்ளூ தடுப்பூசி அக்டோபருக்கு முன் போட்டாயிற்றா என்பவை இதில் அடங்கும். ஆனால் கட்டுப்படும் என்பதால் அற்பம் என்று பொருளில்லை. லண்டனில் நெரிசல் மிகுந்த சாலையோரம் வாழ்ந்து 2013-ல் இளைப்பால் இறந்த ஒன்பது வயதுச் சிறுமியின் வழக்கில், காற்று மாசும் மரணத்துக்கு ஒரு காரணம் என்று மரண விசாரணை அதிகாரி 2020-ல் பதிவுசெய்தார்.

மற்றொன்று, இருமலும் இளைப்பும் இல்லாமலேயே நடப்பது. பிள்ளைகளின் நுரையீரல் இருபது வயதை ஒட்டி வரை வளர்கிறது. தெற்குக் கலிபோர்னியாவில் பன்னிரண்டு ஊர்களின் பிள்ளைகளைப் பத்து வயதிலிருந்து பதினெட்டு வயது வரை ஆண்டுதோறும் ஊதவைத்து அளந்தார்கள். 2004-ல் வெளியான முடிவின்படி, பதினெட்டு வயதில் நுரையீரல் திறன் இயல்பைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தோர், நுண்துகள் மிகக் குறைந்த ஊரில் 1.6 விழுக்காடு, மிக அதிகமான ஊரில் 7.9 விழுக்காடு. அந்த மிக மோசமான ஊரின் சராசரியே 30 மைக்ரோகிராம் அளவில்தான் இருந்தது. தில்லியின் எண்ணுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அதே ஊர்களில் காற்று தூய்மையான பிறகு வளர்ந்த பிள்ளைகளை அளந்தபோது குறைபாடு பாதிக்கும் கீழே போனதாக 2015-ல் எழுதினார்கள். இவையெல்லாம் பல ஆண்டு வாசத்தின் விளைவுகள். மூன்று குளிர்காலங்கள், நன்றாக வடிகட்டிய வீட்டில், எவ்வளவு குறைக்கும் என்று துல்லியமாகச் சொல்வேன் என்று எந்த மருத்துவராவது சொன்னால் நம்பாதீர்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு மூன்று ஆண்டுகள் என்றால் சரியானபடி திரும்பப் பிடித்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. பத்து ஆண்டுகள் என்றால் நான் வேறு விதமாகப் பேசுவேன். ஆகவே மூன்று ஆண்டு ஐந்தாக நீளாது என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு நாள் தில்லிக் காற்று இத்தனை சிகரெட்டுக்குச் சமம் என்று சுற்றிவரும் கணக்கு பெரியவர்களின் இறப்பு விகிதத்தை வைத்துப் போட்டது. அதை உங்கள் பிள்ளைக்குப் பொருத்திப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்று வயதுப் பெண்ணைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். முகக்கவசம் அந்த வயதில் முகத்தோடு ஒட்டாது. என்95 சிறியவர்களுக்கென்று சரியாக அமைவதே அரிது. அவளுக்கு உள்ள ஒரே பாதுகாப்பு வீட்டுக் காற்றுதான்.

ஆவடி சுந்தர் | 9 ஏப்ரல் 2025

நவம்பர் முதல் ஜனவரி வரை பிள்ளைகளைச் சென்னையில் தாத்தா பாட்டி வீட்டில் வைத்துக்கொள்ளலாமே? விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். போகியன்று காலை மட்டும் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். 2018-ல் அந்தப் புகையால் மீனம்பாக்கத்தில் விமானமே இறங்க முடியாமல் திரும்பியது.

தேக்காவாசி | 10 ஏப்ரல் 2025

ஒவ்வொருவருக்கும் நன்றி. நான்கு நாட்களில் இங்கே அறிந்ததை நான்கு மாதமாக நிறுவனத்தாரிடம் கேட்டும் அறிய முடியவில்லை. சுந்தர் சார், எங்களுக்குச் சென்னையில் நெருங்கிய உறவு இல்லை; பள்ளியும் நடுவில் மூன்று மாத விடுப்பு தராது. வெளியே ஓடியாடாத பிள்ளை என்ன பிள்ளை என்ற கவலையும் இருக்கிறது. மகன் கால்பந்துப் பைத்தியம். பெய்ஜிங்கில் அதற்கு என்ன செய்தீர்கள், அண்ணா?

என் கணவர் இந்த இழையைப் படிக்கவே மாட்டேன் என்கிறார். அவருக்கு 47 வயது. இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை போடுவதைத் தவிர ஆள் திடகாத்திரம். தினமும் காலை ஆறு மணிக்கு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் எட்டுக் கிலோமீட்டர் ஓடுகிறார். தில்லியில் லோதி தோட்டம் இருக்கிறதே, எல்லா நாட்டுத் தூதர்களும் அங்கேதான் ஓடுகிறார்கள் என்று கேலி பேசுகிறார்.

பெய்ஜிங் பழையவன் | 10 ஏப்ரல் 2025

எங்கள் ஊரில் பன்னாட்டுப் பள்ளிகள் விளையாட்டுத் திடல்மேல் காற்று நிரப்பிய பெரிய கூடாரங்களைக் கட்டி, உள்ளே வடிகட்டிய காற்றை விட்டன. பிள்ளைகள் அதில்தான் பந்து விளையாடினார்கள். வசதியில்லாத பள்ளிகள் நுண்துகள் ஓர் அளவைத் தாண்டினால் உள்ளேயே நிறுத்தின. தில்லிப் பள்ளியிடம் நீங்கள் கேட்க வேண்டியது, எத்தனை மைக்ரோகிராமில் விளையாட்டை நிறுத்துவீர்கள், அந்த முடிவை யார் எடுப்பார், சென்ற நவம்பரில் எத்தனை நாள் நிறுத்தினீர்கள் என்பதைத்தான். மூன்றாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால் முதல் இரண்டும் வெறும் காகிதம். மழைக்காலத்தில் அவன் தாராளமாக வெளியே ஆடலாம், பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் வரை அளவு குறைந்த நாட்களிலும் ஆடலாம், அதைத் தடுக்காதீர்கள்.

பணத்தைப் பற்றியும் பேசுங்கள். 2014-ல் பானசோனிக் நிறுவனம் சீனாவுக்கு அனுப்பும் ஊழியர்களுக்கு மாசின் பொருட்டுக் கூடுதல் ஊதியம் என்று வெளிப்படையாகவே அறிவித்தது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நுரையீரலுக்கு விலை வைப்பதுபோல் இருந்தது. அந்தப் பணத்தைவிட மேலானது, உடல்நலக் காரணத்தால் எப்போது வேண்டுமானாலும் இடமாற்றச் செலவைத் திருப்பித் தராமல் ஊர் திரும்பலாம் என்ற ஒரு வரி. ஒப்பந்தத்தில் அதைக் கேட்டு வாங்குங்கள். வடிகட்டி மாற்றும் செலவையும் அவர்கள் தலையில் போடுங்கள். குளிர்காலத்தில் அவை விரைவில் கறுத்துவிடும்.

காசிப்பூர்_பக்கம் | 11 ஏப்ரல் 2025

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தில்லியின் காசிப்பூர் குப்பை மலையிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் வசிக்கிறேன். மலை தீப்பிடித்தால் துணி உலர்த்த முடியாது. நீங்கள் எல்லோரும் பேசும் வடிகட்டிய வீட்டில் சமைக்க வரும் பெண்ணும், உங்கள் வண்டியை ஓட்டி வெளியே காத்திருப்பவரும் இதே 200-ஐ முழுதாகச் சுவாசிப்பவர்கள். போகலாமா வேண்டாமா என்று யோசிக்க வாய்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2017-ல் கோஸ்டாரிகா நாட்டுத் தூதரம்மாவே மூச்சுக்குழாய் கெட்டு, பெங்களூருக்குப் போய்விட்டார். எங்களுக்கு எந்தப் பெங்களூர்?

மயூர்விகார் மாமா | 11 ஏப்ரல் 2025

தம்பி சொல்வது நியாயம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு மூச்சு முட்டுவதால் நம் காற்று சுத்தமாகப்போவதில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வோம். வருவதாக இருந்தால், அம்மா, ஓட்டுநருக்கும் வீட்டு உதவிக்கும் நல்ல என்95 முகக்கவசங்களை மாதச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுங்கள். வண்டிக்குள் ஏசியை உட்சுழற்சியில் வைத்து அவரையும் உள்ளேயே காத்திருக்கச் சொல்லுங்கள்.

குருகிராமா, தெற்குத் தில்லியா என்று ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். ஆனந்த் விகார்போன்ற சில இடங்கள் எப்போதும் கூடுதல் மோசம். மற்றபடி ஜனவரியில் வட இந்தியச் சமவெளி முழுவதும் ஒரே போர்வைக்குள் கிடக்கிறது. பள்ளிக்குப் பக்கத்தில், பெரிய சாலையைவிட்டு உள்ளே தள்ளி, அடுக்ககத்தின் டீசல் ஜெனரேட்டர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து எடுங்கள்.

நெஞ்சக மருத்துவர் | 12 ஏப்ரல் 2025

தேக்காவாசி அம்மாவுக்கு. உங்கள் இரண்டாவது பதிவைப் படித்ததிலிருந்து எனக்கு மகனைவிட வேறொருவரைப் பற்றித்தான் கவலை. 47 வயது, இரத்த அழுத்தம், காலை ஆறு மணிக்கு எட்டுக் கிலோமீட்டர். நுண்துகளால் நேரும் மரணங்களில் பெரும்பங்கு குழந்தைகளின் இளைப்பால் அல்ல. நடுவயதைக் கடந்தவர்களின் மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும். துகள் நுரையீரலோடு நிற்பதில்லை. அது கிளப்பும் அழற்சி இரத்தக் குழாய்களைத் தொடுகிறது, இரத்தம் உறையும் போக்கைக் கூட்டுகிறது. ஓடுபவர் ஓய்வில் இருப்பவரைப்போலப் பல மடங்கு காற்றை, அதுவும் மூக்கின் வடிகட்டலைத் தவிர்த்து வாய் வழியாக, ஆழமாக இழுக்கிறார். குளிர்காலத்தில் இரவெல்லாம் தேங்கிய புகை கலையாமல் இருக்கும் நேரமும் அந்தக் காலை வேளைதான். அவருடைய தந்தைக்கோ அண்ணன் தம்பிக்கோ இளவயதில் மாரடைப்பு வந்திருக்கிறதா? மகனுக்கு நுரையீரல் ஊதல் பரிசோதனை செய்யும் அதே வாரத்தில் அவரையும் இதய மருத்துவரிடம் அனுப்புங்கள்.

தேக்காவாசி | 12 ஏப்ரல் 2025

மாமனார் 54 வயதில் மாரடைப்பில் போனார். இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.

தேக்காவாசி வீட்டுக்காரர் | 1 ஜூன் 2025

வணக்கம். இந்த இழையைப் படிக்க மாட்டேன் என்று சொன்ன ஆள் நான்தான். மனைவி டாக்டரம்மாவின் பதிவை அச்சடித்து என் மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டார்.

மகனின் ஊதல் பரிசோதனை நன்றாக இருக்கிறது. எனக்கு ஓட்டப் பரிசோதனை செய்து, கொழுப்புக்கு ஒரு மாத்திரை கூடுதலாக எழுதி, குளிர்காலத்தில் வெளியே ஓடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பதினெட்டு மாதத்துக்கு மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதற்கு மேல் நீட்டிப்பு இல்லை என்பதும், உடல்நலம் கருதித் திரும்பினால் செலவு கேட்க மாட்டார்கள் என்பதும் ஒப்பந்தத்தில் ஏறிவிட்டன. முதல் குளிர்காலம் முழுவதும் மனைவியும் பிள்ளைகளும் சிங்கப்பூரிலேயே இருப்பார்கள். நான் அங்கே வாடகை வீட்டில் தங்கி, அந்த வீட்டின் ஒவ்வோர் அறையையும் நவம்பரிலும் டிசம்பரிலும் அளந்து அனுப்ப வேண்டும் என்பது மனைவியின் கட்டளை. படுக்கையறை 20-க்குக் கீழே நிற்காவிட்டால் அவர்கள் வர மாட்டார்கள். மார்ச்சில் வந்து ஒரு பள்ளிப் பருவம் இருப்பதா, வராமலே இருப்பதா என்பதை அந்த எண்களைப் பார்த்துத்தான் முடிவுசெய்வோம். பதினெட்டு மாதப் பிரிவும் ஓர் உடல்நலக் கேடுதான் என்று மகளிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன், அவளுக்குப் புரியவில்லை.

மாமா அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிறுவனம் காட்டிய மூன்று வீடுகளில் எதையும் ஜூலையில் நீண்ட கால ஒப்பந்தத்துக்கு எடுக்கப்போவதில்லை. நவம்பர் வரை தற்காலிகத் தங்குமிடம் கேட்டு வாங்கிவிட்டேன். அப்போது ஒரு நாள் என்னோடு வீடு பார்க்க வர முடியுமா?

மயூர்விகார் மாமா | 1 ஜூன் 2025

வருகிறேன். நவம்பர் பத்துக்குப் பிறகு ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்கே போய்விட வேண்டும். நண்பகலில் வெயில் ஏறினால் எண் இறங்கிவிடும். கருவி என்னிடம் இருக்கிறது. அதைக் கொண்டுவருவதை மட்டும் வீட்டுத் தரகரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.